ஓசிடிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை: மருத்துவருக்கு எதைக் கற்றுத்தர வேண்டும்?

எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓசிடிக்கு மனநல மருத்துவர்தானே மருந்து தர வேண்டும்? காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் மருந்து எழுதும் எம்பிபிஎஸ் மருத்துவருக்கு இதில் என்ன வேலை? பொது மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி என்று செய்தி வரும்போதெல்லாம் பலருக்கும் இந்தச் சந்தேகம் எழுகிறது. நியாயமான சந்தேகம்தான். அதற்குப் பதில் தேட, சட்டத்திலிருந்து தொடங்கி நோயின் இயல்பு, மருந்தின் அளவு, பயிற்சியின் வடிவம் என்று படிப்படியாகப் போக வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. மனநல சேவையைப் பொது மருத்துவ சேவையின் எல்லா நிலைகளிலும் இணைக்க வேண்டும் என்கிறது அதன் 18ஆவது பிரிவு. அரசு மருத்துவ நிலையங்களிலும் சிறைகளிலும் பணியாற்றும் எல்லா மருத்துவ அலுவலர்களுக்கும் அடிப்படை மனநல சிகிச்சையிலும் அவசர மனநல சிகிச்சையிலும் பயிற்சி தருவதை அரசின் குறைந்தபட்சக் கடமையாக்குகிறது 31ஆவது பிரிவு. ஆகவே பயிற்சி தரலாமா வேண்டாமா என்ற விவாதம் முடிந்துவிட்டது. எந்த நோய்க்கு எதைக் கற்றுத்தருவது என்பதைத்தான் இனிப் பேச வேண்டும். ஓசிடியைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு இன்னும் சரியாகத் தொடங்கவில்லை.

நோயின் அடிப்படை

ஓசிடிக்கு இரண்டு பகுதிகள் உண்டு.

1. ஊடுருவும் எண்ணங்கள். விரும்பாமலே மனத்துக்குள் நுழைந்து, விரட்டினாலும் திரும்பி வருபவை. கையில் கிருமி ஒட்டியிருக்கிறது, காஸ் சிலிண்டரை மூடாமல் வந்துவிட்டேன், சாமி படத்தைப் பார்த்ததும் கெட்ட வார்த்தை தோன்றுகிறது, குழந்தையை நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்பன போன்றவை. எண்ணமாக மட்டுமின்றி மனக்காட்சியாகவும் உந்துதலாகவும் வரலாம்.

2. கட்டாயச் செயல்கள். அந்த எண்ணம் தரும் பதற்றத்தைத் தணிக்கச் செய்பவை. கழுவுதல், சரிபார்த்தல், எண்ணுதல், வரிசைப்படுத்துதல், மற்றவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொள்ளுதல். வெளியே தெரியாமல் மனத்துக்குள்ளேயே நடப்பவையும் இவற்றில் சேரும்: மந்திரத்தை முதலிலிருந்து சொல்வது, நடந்ததை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பது, ஒரு கெட்ட எண்ணத்துக்கு ஈடாக ஒரு நல்ல எண்ணத்தை நினைப்பது.

கட்டாயச் செயலைச் செய்ததும் பதற்றம் சற்றுக் குறைகிறது. அந்த நிம்மதிதான் நோயை வளர்க்கிறது. கழுவியதால்தான் ஆபத்து விலகியது என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பதற்றம் இன்னும் எளிதாக எழுகிறது, கழுவும் நேரம் இன்னும் நீள்கிறது. இந்தச் சுழற்சி நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தாலோ, வேலையையும் படிப்பையும் குடும்பத்தையும் குலைத்தாலோ அது நோய். சுத்தமாக இருக்கப் பிடிப்பதும் பொருட்களை ஒழுங்காக அடுக்குவதும் நோயல்ல. அவற்றைச் செய்பவர் மகிழ்ச்சியாகச் செய்கிறார். ஓசிடி உள்ளவர் செய்ய விரும்பாமல், நிறுத்தவும் முடியாமல் செய்கிறார்.

எத்தனை பேர்?

பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. பெரியவர்களில் சுமார் 0.8 சதவீதம் பேருக்கு அப்போது ஓசிடி இருந்ததாக அது கண்டது. சமவெளியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 பேர் என்பது அரசின் கணக்கு. அவர்களில் 20,000 பேர் பெரியவர்கள் என்று கொண்டால், ஒவ்வொரு நிலையத்தின் எல்லைக்குள்ளும் ஏறத்தாழ 160 பேர் இந்த நோயோடு வாழ்கிறார்கள். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. 160 பேரையும் மாவட்டத் தலைநகருக்கு அனுப்பினால், அங்கே தீவிர மனச்சிதைவு நோயாளிகளின் வரிசையில் அவர்களும் போய் நிற்பார்கள். பலர் போகவே மாட்டார்கள்.

ஓசிடி பெரும்பாலும் பதின்வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தொடங்குகிறது. படிப்பு, முதல் வேலை, திருமணம், முதல் குழந்தை எல்லாம் வரும் காலம் அது. நோய் தொடங்குவதற்கும் சரியான சிகிச்சை கிடைப்பதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்துவிடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இது உயிரையே பறிக்கவும் கூடும். சுவீடன் நாட்டின் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஓசிடி உள்ளவர்கள் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிடச் சுமார் பத்து மடங்கு இருந்தது. ‘அதிகமாகக் கை கழுவும் பழக்கம்’ என்று இந்த நோயை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

மருத்துவர் எங்கே தவறவிடுகிறார்?

பயிற்சியில் எதைச் சேர்ப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி இல்லை. நியூயார்க் பகுதியில் 208 பொது மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. ஓசிடி நோயாளி ஒருவரின் விவரக் குறிப்பை மருத்துவரிடம் கொடுத்து, இது என்ன நோய் என்று கேட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் தவறாகச் சொன்னார்கள். எந்த வகை ஓசிடியில் தவறினார்கள் என்பதுதான் முக்கியம். பொருட்கள் நேராக இருக்க வேண்டும் என்ற வகையில் தவறியவர்கள் சுமார் 4 சதவீதம்தான். கிருமி பயம் என்றால் 32 சதவீதம். யாரையாவது தாக்கிவிடுவோமோ என்ற எண்ணம் வந்தபோது 80 சதவீதம். தான் தன்பாலீர்ப்பாளரோ என்ற ஓயாத சந்தேகம் வந்தபோது 85 சதவீதம். நோயைத் தவறாகச் சொன்னவர்கள் பரிந்துரைத்த சிகிச்சையும் பெரும்பாலும் தவறாகவே இருந்தது.

இதைப் படிக்கும்போது நம் ஊர் நிலையத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓசிடி உள்ளவர் ‘எனக்கு ஓசிடி’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. கை வெடிப்புக்கு, தூக்கமின்மைக்கு, அசதிக்கு, எச்ஐவி சோதனைக்கு வருகிறார். பிரசவமாகி ஒன்றரை மாதமான பெண், குழந்தைக்குத் தடுப்பூசி போட வருகிறாள். கத்தி கண்ணில் படும்போதெல்லாம் ஒரு பயங்கரக் காட்சி மனத்தில் ஓடுவதை யாரிடமும் சொல்லாமல் திரும்பிப் போகிறாள். சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ, பைத்தியம் என்பார்களோ என்ற அச்சம். கேட்காமல் எவரும் சொல்லாத நோய் இது.

ஆகவே கேட்கக் கற்றுத்தருவதுதான் பயிற்சியின் முதல் பாடம். சிகிச்சை நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2005இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பொது மருத்துவர் கேட்க வேண்டிய சில எளிய கேள்விகள் இருக்கின்றன. அவற்றைத் தமிழில் ஒரு மருத்துவர் இப்படிக் கேட்கலாம்:

1. அடிக்கடி கழுவுவது, சுத்தம் செய்வது உண்டா?
2. ஒன்றையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறீர்களா?
3. வேண்டாம் என்று நினைத்தாலும் போகாமல் தொல்லை தரும் எண்ணம் ஏதாவது வருகிறதா?
4. குளிப்பது, கிளம்புவது போன்ற அன்றாட வேலைகளை முடிக்க மிக அதிக நேரமாகிறதா?
5. பொருட்கள் ஒரே ஒழுங்கில் இல்லாவிட்டால் மனம் பொறுக்கவில்லையா?
6. இவற்றால் உங்களுக்கு வேதனை உண்டா?

ஆறு கேள்விக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் போதும். மூன்றாவது கேள்வியைக் கேட்கும் முன் ஒரு வரி சொன்னால் போதும், வாய் திறக்காதவரும் திறப்பார்: ‘வெளியே சொல்லக் கூச்சமான, பயமான எண்ணங்கள் நிறையப் பேருக்கு வரும், எண்ணம் வருவதால் யாரும் கெட்டவர் ஆகிவிடுவதில்லை.’

ஆபத்தான எண்ணமா, ஓசிடி எண்ணமா?

குழந்தையைக் கொன்றுவிடுவேனோ என்று ஒரு தாய் சொன்னால் எந்த மருத்துவருக்கும் நெஞ்சு படபடக்கும். இங்கே இரண்டு பக்கமும் தவறு நேரலாம். ஓசிடி உள்ள தாயை ஆபத்தானவள் என்று முத்திரை குத்தி, குழந்தையைப் பிரித்து வைப்பது ஒரு தவறு. பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோயை ஓசிடி என்று எண்ணி வீட்டுக்கு அனுப்புவது உயிருக்கே ஆபத்தான தவறு.

ஓசிடி உள்ளவர் தம் எண்ணத்தைக் கண்டு நடுங்குகிறார். அது தமது சொந்த மனத்தில் எழுவது என்று தெரிந்திருக்கிறார், அதோடு போராடுகிறார். கத்தியை ஒளித்து வைக்கிறார், குழந்தையோடு தனியாக இருக்கத் தயங்குகிறார். தீவிர மனநோயில் அந்தப் போராட்டம் இருக்காது. குழந்தைக்குள் தீய சக்தி புகுந்துவிட்டது என்று உறுதியாக நம்புவது, காதில் குரல் கேட்பது, பல இரவுகள் தூங்காமலே பரபரப்பாக இருப்பது, பேச்சில் குழப்பம் ஆகியவை தென்படலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மன அழுத்தம் (டிப்ரெஷன்) கூடவே இருக்கிறதா, சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று இரு நிலையிலும் நேரடியாகக் கேட்க வேண்டும்.

இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதிவிடலாம். நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்டறிய, ஒருவர் நோயாளியாக நடிக்க மற்றவர் மருத்துவராகக் கேட்கும் பயிற்சி வேண்டும்.

நல்ல மருத்துவரும் நோயை வளர்க்கும் விதம்

பயிற்சிக் கையேடுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், என் கருத்தில் மிக அவசியமானதும் இந்தப் பகுதிதான்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். இருபத்தெட்டு வயது இளைஞர், மெக்கானிக். ரேசரில் வெட்டுப்பட்டு எச்ஐவி வந்திருக்குமோ என்று பயந்து வருகிறார்.

‘டாக்டர், போன மாசம் டெஸ்ட் எடுத்தேன், இல்லைன்னுதான் வந்தது. ஆனா லேப்ல மாத்தி எழுதியிருந்தா?’

‘அப்படியெல்லாம் நடக்காது தம்பி. சரி, உங்க திருப்திக்கு இன்னொரு தடவை எடுத்துடலாம்.’

மருத்துவர் அன்போடுதான் சொல்கிறார். முடிவு வந்ததும் இளைஞரின் முகம் தெளிகிறது. மூன்றாம் நாள், ஊசியைப் பிரித்ததை நான் பார்க்கவில்லையே என்ற புதிய சந்தேகத்தோடு வந்து நிற்கிறார். கழுவுவது ஒருவருக்கு எப்படிக் கட்டாயச் செயலோ, அப்படியே இவருக்கு இந்தச் சோதனை. அதைச் செய்து தருபவர் மருத்துவர்.

ஆறுதல் சொல்வதும் ஐயம் தீரச் சோதனை எழுதுவதும் பொது மருத்துவத்தின் நற்குணங்கள். ஓசிடியில் அவையே நோயின் தீனியாகின்றன. ஐந்தரை ஆண்டு எம்பிபிஎஸ் படிப்பும் பணி அனுபவமும் ஊட்டிய பழக்கத்தை ஒரு நோய்க்கு மட்டும் மாற்றிக்கொள்வது கடினம். ஆகவே வேறு என்ன சொல்வது என்பதை வாக்கியமாகவே கற்றுத்தர வேண்டும். ‘தேவையான சோதனை எடுத்தாகிவிட்டது. இப்போது உங்களைத் துன்புறுத்துவது அந்தக் கிருமி அல்ல, சந்தேகம். எத்தனை சோதனை எடுத்தாலும் அது அடங்காது. அந்தச் சந்தேகத்துக்குத்தான் சிகிச்சை இருக்கிறது, இன்றே தொடங்கலாம்.’ சோதனையை மறுப்பதோடு நிறுத்தினால் அவர் வேறு ஆய்வகத்துக்குப் போவார். மறுப்போடு சிகிச்சையும் சேர்ந்தே வர வேண்டும்.

வீட்டிலும் இதே கதைதான். ‘கதவைப் பூட்டிட்டேம்மா, நான் பார்த்தேன்’ என்று நாளுக்கு நாற்பது முறை சொல்லும் மகள், மனைவியின் பயத்துக்காகச் செருப்போடு சட்டையையும் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வரும் கணவர் என்று குடும்பம் முழுதும் நோயின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழத் தொடங்கும். இதைத் திடீரென்று நிறுத்தச் சொன்னால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். நோயாளியின் சம்மதத்தோடு, வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்கும்படி குடும்பத்துக்குச் சொல்லித்தர ஒரு செவிலியரால் முடியும்.

மருந்து: அளவும் காலமும்

முதல் மருந்துகள் எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகையைச் சேர்ந்தவை: ஃப்ளூஆக்சடின், செர்ட்ரலின், ஃப்ளூவாக்சமின், எஸ்சிடலோபிராம் முதலியன. மன அழுத்தத்துக்குத் தருவதும் இவற்றையே. பொது மருத்துவருக்குப் பழகிய மருந்துகள்தான் என்பது வசதி. அந்தப் பழக்கமே இடறியும் விடுகிறது. மன அழுத்தத்துக்குரிய அளவிலும் காலத்திலும் ஓசிடிக்கும் கொடுத்துவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று நிறுத்திவிடுவது வழக்கமாக நடக்கிறது. பயிற்சியில் அழுத்திச் சொல்ல வேண்டியவை:

1. அளவு கூடுதலாக வேண்டும். மன அழுத்தத்துக்கு ஃப்ளூஆக்சடின் 20 மில்லிகிராம் போதுமானதாக இருக்கலாம்; ஓசிடிக்கு வழக்கமாக 40 முதல் 60, சிலருக்கு 80 வரை போக வேண்டிவரும். செர்ட்ரலின் 200 வரை. குறைந்த அளவில் தொடங்கிச் சில வாரங்களில் படிப்படியாக ஏற்ற வேண்டும். மருத்துவர்தான் ஏற்ற வேண்டும். நோயாளி தாமாக ஏற்றக் கூடாது.

2. காத்திருக்க வேண்டும். மன அழுத்தத்தில் நான்கு வாரத்தில் தெரியும் மாற்றம் ஓசிடியில் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் நோயாளி மூன்றாம் வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவார்.

3. முழுக் குணத்தை வாக்களிக்கக் கூடாது. முதல் மருந்தில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. ஓசிடியின் தீவிரத்தை அளக்கும் யேல்-பிரவுன் என்ற அளவுகோலில் மதிப்பெண் 35 சதவீதம் குறைந்தாலே பலன் என்று கணக்கு. பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண் கொண்ட அந்த அளவுகோல் 1989 முதல் உலகெங்கும் பயன்படுகிறது, செவிலியரும் கற்றுக்கொள்ளலாம்.

4. பலன் கிடைத்த பிறகும் ஓரிரு ஆண்டுகளாவது தொடர வேண்டும். நிறுத்தும்போது மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

5. தொடங்கும் முன் ஒரு கேள்வி கட்டாயம்: முன்பு எப்போதாவது பல நாள் தூக்கமே தேவைப்படாமல், அளவுகடந்த உற்சாகத்தோடு, செலவும் பேச்சும் கட்டுக்கடங்காமல் இருந்ததுண்டா? அப்படியிருந்தால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். எஸ்எஸ்ஆர்ஐ மட்டும் கொடுத்தால் அது கிளம்பிவிடக்கூடும். மனநல மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

6. 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை முதல் சில வாரங்கள் அடிக்கடி வரச் சொல்லித் தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்க வேண்டும்.

அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஓசிடி நோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் அதை மட்டுமே எழுதித்தந்த சீட்டுகளை மனநல மருத்துவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். அது ஓசிடிக்குச் சிகிச்சை அல்ல. பழக்கத்துக்கு அடிமையாக்கவும் கூடும். கிளோமிப்ரமின் என்ற பழைய மருந்து ஓசிடிக்கு நன்றாகவே கேட்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஓசிடிக்கென்று அது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் இதயத் துடிப்பையும் வலிப்பையும் பற்றிக் கவனம் தேவை, அளவு மீறினால் உயிருக்கு ஆபத்து. ஆகவே அதைத் தொடங்குவது மனநல மருத்துவரின் பொறுப்பாக இருப்பதே நல்லது.

மாத்திரைக்கு மேல் ஒரு சிகிச்சை

லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966இல் வெளியிட்ட சிகிச்சை முறையிலிருந்து வளர்ந்தது ஈஆர்பி. அஞ்சுவதை நேருக்கு நேர் சந்திப்பது, கட்டாயச் செயலைச் செய்யாமல் இருப்பது என்ற இரண்டும் சேர்ந்ததே அது. கழிவறைத் தாழ்ப்பாளைத் தொட்டாலே அரை மணி நேரம் கழுவும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அவரும் சிகிச்சையாளரும் சேர்ந்து அச்சங்களைப் பட்டியலிட்டு, பூஜ்யம் முதல் நூறு வரை மதிப்பெண் போடுகிறார்கள். வீட்டு வாசல் கைப்பிடிக்கு 30, பஸ் கம்பிக்கு 50, தாழ்ப்பாளுக்கு 90. முப்பதில் தொடங்குகிறார்கள். கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் அமர வேண்டும். பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு எதுவும் செய்யாமலே இறங்கத் தொடங்கும். சில நாள் பதற்றம் இறங்காமலும் போகலாம். அதைத் தாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்க முடிந்ததே வெற்றிதான். இதை வீட்டில் தினமும் செய்து, முப்பது பழகிய பிறகே ஐம்பதுக்குப் போக வேண்டும்.

2005இல் வெளியான உளவியலாளர் எட்னா ஃபோவா குழுவின் ஆய்வில், ஈஆர்பி பெற்றவர்களில் 62 சதவீதமும், கிளோமிப்ரமின் பெற்றவர்களில் 42 சதவீதமும், இரண்டும் பெற்றவர்களில் 70 சதவீதமும், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 8 சதவீதமும் பலன் கண்டார்கள். 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு பொது மருத்துவருக்கு இன்னும் நெருக்கமானது. எஸ்எஸ்ஆர்ஐ போதிய பலன் தராதவர்களில் ஈஆர்பி சேர்த்தவர்களில் 80 சதவீதமும், ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தைச் சேர்த்தவர்களில் 23 சதவீதமும் முன்னேறினார்கள். வெற்று மாத்திரையில் 15 சதவீதம். மருந்து கேட்கவில்லை என்றதும் இன்னொரு மாத்திரையைச் சேர்க்கும் வழக்கத்துக்கு இதுவே பதில்.

இதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் யார் செய்வது? முழு ஈஆர்பி என்பது பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகள். ஒரு காலை வேளையில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவரால் அது முடியாது. முடியும் என்று பயிற்சியில் நடிப்பதிலும் பொருளில்லை. ஆனால் பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்களால் நிறையச் செய்ய முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் உள்ளூர் ஆலோசகர்களைப் பயிற்றுவித்து, மன அழுத்தமும் பதற்றமும் உள்ளவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் உதவச் செய்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, அரசு நிலையங்களில் ஆறு மாதத்தில் குணமானவர்கள் 65.9 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்ற இடங்களில் 42.5. அது ஓசிடி ஆய்வு அல்ல. ஈஆர்பி அதைவிடக் கடினமான வேலை. ஆகவே லேசான, நடுத்தர நிலை நோயாளிகளுக்கு எளிய படிகளைப் பயிற்சி பெற்ற செவிலியர் வழிநடத்தலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் வாரந்தோறும் அவரை மேற்பார்வை செய்ய வேண்டும். அந்த மேற்பார்வை இல்லாமல் தொடங்கினால், கூட உட்கார்ந்து ஆறுதல் சொல்வதே சிகிச்சையாகிவிடும்.

யாரை மேலே அனுப்ப வேண்டும்?

தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், தீவிர மனநோய் அல்லது இருதுருவ நோய் என்று சந்தேகப்படுபவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக நோய் தோன்றியவர்கள், சாப்பாடும் நீரும் குறைந்து உடல் தளர்ந்தவர்கள், முழு அளவில் பன்னிரண்டு வாரம் மருந்து எடுத்தும் பலன் காணாதவர்கள். இவர்களை அனுப்புவதும் சீட்டு எழுதிக் கையில் கொடுப்பதோடு முடியக் கூடாது. போனார்களா என்று விசாரிக்க வேண்டும். நிலைமை சீரானதும் அவர்களைத் திரும்பத் தம் ஊர் நிலையத்திலேயே மருந்து வாங்கச் செய்ய வேண்டும்.

பயிற்சி எந்த வடிவில்?

இந்தியாவில் இந்த முயற்சி புதிதல்ல. தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. நிம்ஹான்ஸ் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் 1980களில் பொது மருத்துவர்களையும் சுகாதாரப் பணியாளர்களையும் பயிற்றுவித்துப் பார்த்தது. அதையே மாதிரியாகக் கொண்டு 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. அது முதல் பயிற்சி என்றால் பெரும்பாலும் வகுப்பறை விரிவுரைதான். ஊருக்குத் திரும்பிய மருத்துவர், முதல் சிக்கலான நோயாளி வந்ததும் தனியாக நிற்கிறார். எம்பிபிஎஸ் படிப்பில் மனநல மருத்துவத்துக்குத் தனித் தேர்வும் இல்லாததால் அடித்தளமும் மெலிந்தே இருக்கிறது.

இதற்கு இரண்டு மாற்றுவழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

முதலாவது ‘எக்கோ’ முறை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் 2003இல் ஹெபடைடிஸ் சி நோய்க்காகத் தொடங்கினார். கிராமப்புற மருத்துவர்கள் வாரந்தோறும் காணொலியில் கூடித் தங்கள் நோயாளிகளைப் பற்றி விவாதிப்பார்கள்; நிபுணர் வழிகாட்டுவார். 2011இல் வெளியான ஆய்வில், இப்படிப் பயின்ற பொது மருத்துவர்களிடம் குணமானவர்கள் 58.2 சதவீதம், பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5. நிம்ஹான்ஸும் மனநலப் பயிற்சிக்கு இந்த முறையைப் பயன்படுத்துகிறது.

இரண்டாவது, பணியிடத்திலேயே பயிற்சி. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வழக்கமான புறநோயாளிகளைப் பார்க்கும்போது மனநல மருத்துவர் காணொலியில் உடன் இருந்து, இந்தக் கேள்வியைக் கேளுங்கள், இந்த அளவில் தொடங்குங்கள் என்று சொல்லித்தருகிறார். கர்நாடகத்தில் நிம்ஹான்ஸ் இதைச் செய்துவருகிறது. ஓசிடிக்கு இதுவே பொருத்தமானது என்று கருதுகிறேன். மேலே சொன்ன மெக்கானிக்கிடம் மறு சோதனையை மறுக்கும் அந்த அரை நிமிடத்தை வகுப்பறையில் கற்பிக்க முடியாது. மருத்துவரின் குரல் தயங்கும் இடத்தில் இன்னொருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

உலகளாவிய பாடத்திட்டத்திலும் ஒரு குறை இருக்கிறது. பொது மருத்துவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய எம்எச்-கேப் வழிகாட்டியின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் மன அழுத்தம், மனச்சிதைவு, வலிப்பு, மறதி நோய், போதைப் பழக்கம், தற்கொலை ஆகியவற்றுக்குத் தனிப் பகுதிகள் உண்டு, ஓசிடிக்கு இல்லை. அதை அப்படியே பின்பற்றும் எந்தப் பயிற்சியிலும் ஓசிடி விடுபட்டுப்போகும். இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2017இல் ஓசிடிக்கென்று விரிவான சிகிச்சை நெறிகளை வெளியிட்டிருக்கிறது. அது நிபுணருக்காக எழுதப்பட்டது. அதை இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பாகச் சுருக்கி மருத்துவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கும்படி செய்வது பெரிய செலவில்லாத வேலை.

பயிற்சிக்குப் பின் வரும் கணக்குகள்

பயிற்சி வெற்றி பெற்றால் முதலில் திணறப்போவது மருந்தகம். ஒருவருக்கு ஃப்ளூஆக்சடின் 60 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 20 மில்லிகிராம் காப்ஸ்யூல் மூன்று, மாதத்துக்குத் தொண்ணூறு. இருபது நோயாளிகளுக்கு மாதம் 1,800. மன அழுத்தத்துக்குரிய அளவை மனத்தில் வைத்து மருந்து கோரும் நிலையம் இரண்டாம் வாரமே கையை விரித்துவிடும். மருத்துவருக்குக் கற்றுத்தரும் அதே நாளில் மருந்தாளுநருக்கும் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது பணியிட மாறுதல். பயிற்சி பெற்ற மருத்துவர் மேற்படிப்புக்கோ வேறு ஊருக்கோ போய்விட்டால் நோயாளிகள் கைவிடப்படுவார்கள். அதே நிலையத்தில் நீண்ட காலம் இருக்கும் செவிலியருக்கும் பயிற்சி தருவதே இதற்குக் காப்பு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி மருந்து தருகிறார்கள். மாத்திரையை விடாமல் எடுக்கிறார்களா என்று பார்க்கும் அந்த ஏற்பாட்டில் ஓசிடி நோயாளிகளையும் சேர்க்கலாம். ஏற்கெனவே குறைந்த ஊதியத்தில் வீதி வீதியாக நடக்கும் பெண்கள் மீது கூடுதல் ஊதியமின்றி இதையும் ஏற்றிவிடக் கூடாது.

மூன்றாவது, பயிற்சியை அளக்கும் முறை. எத்தனை மருத்துவர் வகுப்புக்கு வந்தார்கள் என்பதே பொதுவாக அறிக்கையில் ஏறுகிறது. எத்தனை நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள், எத்தனை பேர் உரிய அளவு மருந்தில் பன்னிரண்டு வாரத்தை முடித்தார்கள், யேல்-பிரவுன் மதிப்பெண் எத்தனை பேருக்கு 35 சதவீதம் குறைந்தது ஆகிய மூன்று எண்களையும் மாதாந்திர அறிக்கையில் கேட்டாலே எந்த நிலையத்துக்கு மறுபயிற்சி வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

நோயாளி இப்போதே செய்யக்கூடியது

ஊர் நிலையத்தில் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் இந்தச் சேவை இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலும் கிடைக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விசாரிக்கலாம். ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் அடுத்த முறை போகும்போது மூன்று கேள்விகள் கேட்கலாம்: இந்த அளவு ஓசிடிக்கு உரியதா, எத்தனையாவது வாரத்தில் பலனை மதிப்பிடப்போகிறீர்கள், ஈஆர்பி எங்கே கிடைக்கும். பதில் வரும்வரை மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.